ப்ளெசாவுக்கு எந்த ஊசி

அக்டோபர் 14, காலை ஆறு மணி. விமானம் ஏறப்போவது ஒரே ஒரு குதிரை.

அன்புள்ள ஹெர்தீஸ்,

டென்மார்க்குக்கு அனுப்பச் சொன்னாயே, உன் குதிரை ப்ளெசா, அவளுக்கு எந்த மயக்க ஊசி என்று முடிவு செய்துவிட்டேன். டெட்டோமிடின் வேண்டாம். கால் தள்ளாடும், விமானக் கூண்டுக்குள் விழுந்தால் தூக்கி நிறுத்த முடியாது. அசிபுரோமசின் கொஞ்சம் போதும், நின்றபடியே அமைதியாக வந்து சேருவாள்.

மருந்தை ஊசிக்குழலில் நிரப்பும்போது பக்கத்துப் பண்ணை ஸ்டெய்னர் சிரித்தார். "டாக்டரே, குதிரை நல்லாத்தான் நிக்குது. நிலைகொள்ளாம இருக்குறது நீங்கதான். அந்த ஊசிய நீங்களே போட்டுக்குங்க!"

பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஐஸ்லாந்த விட்டுப் போன குதிரை திரும்பி வர சட்டத்துல இடமில்லையே. உங்க வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். ஆறு மாதப் படிப்பு என்று சொல்லித்தான் நீ அங்கே போனாய்.

இனி நான் செய்யப்போவது:

1. ஊசி போடுவேன்.
2. அவளை லாரியில் ஏற்றுவேன்.
3. எப்போது வருவாய் என்று உன்னைக் கேட்பதை நிறுத்துவேன்.

இப்படிக்கு,
இன்றுவரை உன் கணவன்