குளியலறை மட்டும்

அன்பு மனைவிக்கு, நான் நலம். உன் மூட்டுவலியும் பிள்ளையின் சளியும் குறைந்தனவா?

நேற்று போனில் காரணம் சொல்லாமல் "ஹீட்டரைப் போடாதே" என்று கத்தியதற்குக் கோபப்படாதே. இங்கே வயரிங் முடித்த வீட்டின் உரிமையாளர், "சர்டிபிகேட் குடுங்க, அப்புறம்தான் பணம்" என்றார். எங்கள் முதலாளியோ, "பணம் வரட்டும், அப்புறம் சர்டிபிகேட்" என்றார். மத்தளம் போல எனக்கு இரண்டு பக்கமும் இடி. தொல்லை தீரட்டும் என்று, ஷாக் அடிக்காமல் காக்கும் எர்த்தை எல்லா அறையிலும் சோதித்ததாக நேற்று சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டு உரிமையாளரின் மகள் குளித்துக்கொண்டிருந்ததால், ஹீட்டர் இருக்கும் குளியலறையை மட்டும் சோதிக்கவில்லை. காலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. சோதிக்கும் மீட்டரோடு அங்கேதான் கிளம்புகிறேன், நீ பயப்படாதே.

வயர்மேனிடம் நம் ஹீட்டரைக் காட்டு. அதுவரை பிள்ளைக்கு அடுப்பில் வெந்நீர் போடு. ஊரை விட்டுக் கிளம்பும்போது நீ ஹீட்டரைப் பற்றிக் கேட்டதற்கு, "பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு" என்றேனே, அதையும் நான் பார்க்கவில்லை.

அவசரமாக,
உன் கணவன்