ஒரே பாத்திரத்தில் குடித்தவர்கள்

ராயப்பேட்டை
திங்கட்கிழமை

அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் கால் வீக்கமும் வடிந்துவிட்டது, லீட்ஸில் நீயும் ரூபனும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். எனக்குக் கோபம் வந்திருக்கிறது, மகளே. பழக்கமில்லாதவனுக்கு வந்ததால் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, ஆகவே உனக்கு வரிசையாக எழுதுகிறேன். நம் சபையின் புதன்கிழமை வேதபாடத்தில் எத்தியோப்பிய மந்திரியைப் பற்றிப் பேசினேன். அவர் அண்ணகர், ஆண்மை நீக்கப்பட்டவர். மோசேயின் நியாயப்பிரமாணம் அப்படிப்பட்டவரைச் சபைக்குள் விடாது, தீர்க்கதரிசி ஏசாயாவோ அவருக்கு ஆலயத்தில் இடமும் பெயரும் உண்டென்கிறார். வேதமே இரண்டு விதமாகப் பேசும்போது வெளியே நிறுத்தப்பட்டவரின் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும், சுவிசேஷகன் பிலிப்பு அப்படி வாசித்துத்தான் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவரோடு தண்ணீரில் இறங்கினான் என்றேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். கமிட்டிச் செயலாளர் ஜவஹர் என் கையைப் பிடித்து, பிரமாதம் அங்கிள், கண்ணுல தண்ணி வந்திடுச்சு என்றார்.

பிறகு, மார்க்கெட்டில் மீன் விற்கும் திருநங்கை சொர்ணம் திடப்படுத்தல் பெற்று, சபையின் முழு அங்கமாகி, முதல் முறையாகத் திருவிருந்துக்கு வந்தாள், எல்லோரும் திராட்சரசம் குடிக்கும் வெள்ளிப் பாத்திரத்தில் குடித்தாள். அடுத்த விருந்துக்கு ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் கப். கேட்டால் சுகாதாரமாம். கொரோனா முடிந்த கையோடு, கப்பெல்லாம் வேணாம், ஒரே பாத்திரம்தான் ஐக்கியம் என்று சண்டை போட்டு வெள்ளிப் பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்ததே இந்த ஜவஹர்தான். இப்போது, பாடம் வேற அங்கிள், இது வேற, லேடீஸ் சங்கடப்படறாங்க என்கிறார். வேறாம்! அப்படியானால் நான் நடத்தியது என்ன, கதாகாலட்சேபமா? நான்தான் தவறாக வாசித்தேனோ என்று விளக்கவுரைகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இல்லை, ஹெப்சி. நேற்று பந்தியில் சொர்ணத்தின் பக்கத்தில் முழங்காலிட்டேன். வெள்ளிப் பாத்திரம் பீடத்தில்தான் இருந்தது, போதகர் மட்டும் அதில் குடித்தார். கப் என்னிடம் வந்தபோது, பாத்திரத்திலேயே கொடுங்கள் என்றேன், எனக்கே கேட்காத குரலில். போதகர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். சொர்ணம் என் காதோரம், இன்னா நைனா, என் எச்சி பட்டு ஆண்டவருக்கே ஜொரம் வந்துட்சா, நீ குடி, என்று சொல்லிவிட்டுத் தன் கப்பை வாங்கிக் குடித்தாள். அவளுக்கு விருந்து வேண்டும், அவமானத்தோடு கொடுத்தாலும் வேண்டும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

பாடத்தில் சொன்னதை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வேதபாடத்தை விடு என்கிறது கமிட்டி. வாபஸ் வாங்க மாட்டேன். பாத்திரம் திரும்பி வரும்வரை அவள் பக்கத்தில் வெறும் வாயோடு முழங்காலிடுவேன். பயமாகத்தான் இருக்கிறது, திருவிருந்து இல்லாமலே செத்துப்போவேனோ என்றும் பயம்.

கர்த்தர் உங்கள் இருவரையும் தம் சிறகுக்குள் வைத்துக்கொள்வாராக. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஜவஹர் உனக்குப் போன் செய்து அப்பாவுக்கு வயசாயிடுச்சு என்பார்; மரியாதையாகப் பேசு, எனக்காக மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே.

அன்புள்ள அப்பா,
ஞா. தேவசகாயம்