குணசேகரனை விசாரித்த வகையில்

இராயபுரம்,
12-9-1954

அன்பு மகன் அருளப்பனுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் நீயும் மருமகளும் சின்னவளும் சுகமாயிருக்க வேண்டும் என்பதுதான் என் அன்றாட ஜெபம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. கிருஷ்ணாயில் விளக்குப் புகையில் குழந்தைக்கு மூச்சு முட்டும், வீட்டுக்குக் கரண்ட் வந்ததும் வருகிறோம் என்று எழுதியிருந்தாய். கண்டவனிடம் வேலையைக் கொடுக்காதே, லைசென்ஸ் பார், அவன் வேலை செய்த வீடுகளில் விசாரி என்றும் எழுதியிருந்தாய். நீ சொல்லாவிட்டாலும் நான் விட்டிருக்க மாட்டேன். போன மாதம் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் லைசென்ஸ் இல்லாத எவனோ இழுத்த ஒயரில் நெருப்புப் பிடித்து, கடைக்காரர் கை வெந்துபோனது.

கல்மண்டபத்தில் கடை வைத்திருக்கும் குணசேகரன் என்கிற கான்டிராக்டரைத்தான் எல்லாரும் சொன்னார்கள். லைசென்ஸை வாங்கிப் பார்த்தேன், இந்த வருஷத்துக்குப் புதுப்பித்திருந்தது. பொய்க் காகிதமாயிருந்தால் என்ன செய்வது என்று மின்சார ஆபீசுக்கே போய், இவன் பேரில் எத்தனை வீட்டுக்கு அனுமதி கொடுத்தீர்கள், எதையாவது சரியில்லை என்று திருப்பினீர்களா என்று கேட்டேன். அங்கிருந்த கிளார்க், இன்னாம்மா, மாப்ள பாக்கற கணக்கா விசாரிக்கிற என்று சிரித்தார். புரட்டிப் பார்த்துவிட்டு, ஒண்ணு கூட திரும்பல, தைரியமா வுடு என்றார்.

அதோடு விடாமல் பனைமரத்தொட்டிப் பக்கம் வியாகுலம்மாள் வீட்டுக்குப் போனேன். குணசேகரன் ஒயர் இழுத்த வீடு. மழையில் சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் ஒண்ணியும் இல்ல என்று சொல்லி, உள் அறைக்கு அழைத்துப்போய் மின்விசிறியைப் போட்டுக் காட்டினாள். கட்டிலில் விரிப்பு கலையாமல் இருந்தது. நைரோபிக்குப் போன மகன் வந்தால் காற்றாடப் படுக்கட்டும் என்று விசிறியைப் போட்டதாம். அவன் இன்னும் ஒரு தபா கூட வர்லக்கா, துரு புடிச்சிடப் போவுதுன்னு தெனம் சாயங்காலம் கொஞ்ச நாழி நானே சுத்த வுடறேன் என்றாள். இரண்டு பேரும் கட்டிலில் உட்காராமல் நின்றபடியே காற்று வாங்கினோம்.

திருவொற்றியூரில் தாவூது பாய் வீட்டுக்கும் போனேன். கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மகள் ஜெரினா கொழும்பிலிருந்து பணம் அனுப்பி லைட் போடச் சொன்னாளாம். மனுஷர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் போட்டுக் காட்டினார். கிளம்பினால் விடவில்லை. பின்கட்டு சுவிட்ச நீ பாக்கலியேம்மா, நாளைக்கும் வந்துட்டுப் போ என்றார். மகள் எப்போது வருகிறாள் என்று நான் கேட்கவில்லை.

அருளப்பா, குணசேகரன் வேலை சுத்தம். எனக்குத்தான் ஏதாவது குறை கிடைக்காதா என்றிருந்தது. வீட்டுக்கு வெளிச்சம் வந்துவிட்டால் அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்று நீயும் இருந்துவிடுவாயோ என்று பயமாயிருக்கிறது. நேற்று அவன் கரண்ட் கேட்கிற விண்ணப்பக் காகிதம் கொண்டுவந்தான். அப்பா வீட்டை உன் பேரில் எழுதிவைத்ததால் நீதான் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஏர் மெயில்ல அனுப்பிச்சா போட்டு அனுப்பிடுவாரு, சீக்கிரமா முடிச்சிடலாம் என்றான். சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் முத்தங்கள். ஆண்டவர் உங்களைக் கண்ணின் மணியாகக் காப்பார். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. இந்தக் கவரில் அந்தக் காகிதத்தைத் தேடாதே, நான் வைக்கவில்லை. குணசேகரன் கேட்டால் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். நீ வந்து போடு.

உன் அம்மா,
இருதயம்மாள்