கணக்கில் வராத பூனை

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ஊறப்போட்ட துணி இன்னும் வாளியிலேயே கிடக்கிறது. இவர் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், இரண்டாவது கவளத்தில் சொல்கிறார்: "வர்ற சனிக்கு மறு சனி கப்பல் ஏறணும்." முக்கு கடைக்குப் போய் வருகிற மாதிரி.

விஷயம் இதுதான். கடலுக்கு நடுவில் ஒரு தீவில் இவருடைய கம்பெனிக்கு ஐஸ் ஆலை இருக்கிறது. அங்கே இருந்த மெக்கானிக் வேலையை விட்டுவிட்டாராம். இவரைப் போகச் சொன்னார்கள். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

"அங்க வீடு இருக்கா?"

"இருக்குமாம்."

"தண்ணி வசதி?"

"தீவும்மா அது. சுத்திலும் தண்ணிதான்."

இன்றைய கணக்கு, ஆண்டவனே: கோபம் ஒன்று. வாய்விட்டுச் சொல்லாததால் அரை என்று வைத்துக்கொள்.

ஜூன் 5, வியாழன்

மகள் விடுதியிலிருந்து போன் பண்ணினாள். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நர்ஸ் படிப்பு படிக்கிறவளுக்குப் பெற்றவர்கள் தவிப்பது வேடிக்கையாக இருக்கிறது. "உங்க ரெண்டு பேரையும் நம்பி நாயும் பூனையும் எப்படிம்மா கிளம்புது?" என்றாள்.

அதுதான் என் கவலையும். நாயைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது மகள். விடிந்ததும் வாசல், கொல்லை, சமையலறை எல்லாம் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் வந்து படுத்துக்கொள்ளும். எங்கே போனாலும் அதற்குப் பிழைப்பு உண்டு. பூனை சீமாட்டிதான் பிரச்சினை.

இவரைப் பொறுத்தவரை நாய் நம்முடையது, பூனை நம்முடையது அல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் அது தானாக உள்ளே வந்தது. "நான் கொண்டுவரல, நான் வளர்க்கல. நம்ம வீட்டுல இருக்கு, அவ்வளவுதான். நம்ம பூனை இல்ல" என்று அன்றைக்குச் சொன்னார். ஒரு தடவை சொல்லிவிட்டால் இவருக்கு அது கல்வெட்டு. இன்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'அது'தான். நானும் என் கணக்கு நோட்டில் சீமாட்டியின் மீனை எல்லாம் இதர செலவில் போட்டுக்கொண்டு வருகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

மூட்டை கட்டுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம். மீதியெல்லாம் மகள் படிக்கப் படிக்க, அடுப்படியில் உட்கார்ந்து அவள் புத்தகங்களில் படித்துக்கொண்டதுதான். அவளுடைய பூகோளப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தீவுகளில் கடற்காற்று வெப்பத்தைத் தணிக்கும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. கம்பளிகளை எல்லாம் பெட்டியில் அடுக்கிவிட்டேன்.

கம்பெனி ஆள் போனில் கேட்டார், கூட வளர்ப்புப் பிராணி ஏதும் உண்டா என்று. "ஒரு நாய் சார்" என்றார் இவர். நான் எதிரில் நின்று கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பூனையைச் சொல்லலையே?"

"நம்மளோடதைத்தானே கேட்டாரு."

மேனேஜருக்கு ஊசி போட்டுச் சீட்டு வாங்கியாயிற்று. சீமாட்டிக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். "வந்தா வரட்டும், யாரு வேணாம்னா" என்கிறார். இது சம்மதமா, இல்லையா? சம்மதம் என்று நானாக எடுத்துக்கொண்டு மூங்கில் கூடை ஒன்று வாங்கினேன்.

ஜூன் 14, சனி. கப்பலில்.

மேனேஜர் கப்பல் முழுக்க ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து தூங்குகிறது. சீமாட்டி கூடைக்குள் கச்சேரி. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் வாந்தி எடுக்கிறார். எஞ்சினையே கையில் பிடித்து ஆட்டிவைக்கிற மனுஷன்!

"இன்னும் எவ்வளவு நேரம்னு கேளேன்" என்கிறார். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ.

ஜூன் 15, ஞாயிறு

ஐயோ, என்ன சொல்வது. எழுதினால்தான் மனசு ஆறும்.

துறைமுகத்தில் இறங்கியதும் கால்நடை டாக்டரம்மா ஒருவர் நின்றார். சின்ன வயசு, பெரிய தொப்பி. மேனேஜரின் சீட்டைப் பார்த்தார், கயிறு கட்டியே வெளியே விட வேண்டும் என்றார், போகச் சொன்னார். அப்புறம் கூடை கத்தியது.

"இது?"

நான் துண்டை விலக்கினேன். டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. இந்தத் தீவின் மணலில் வெள்ளைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் தரையிலேயே முட்டையிடுமாம். ஒரு பூனை போதுமாம், ஒரு கரையையே காலி பண்ணிவிடும். அதனால் முன்கூட்டி அனுமதி வாங்காமல் பூனை இறங்கவே கூடாது. எங்களுக்கு யார் சொன்னார்கள்? யாரைக் கேட்டோம், சொல்வதற்கு!

"இது யாரோட பூனை?" என்று இவரைப் பார்த்துக் கேட்டார்.

இவர் பக்கத்தில் ஐஸ் ஆலை முதலாளி வேறு நிற்கிறார், வரவேற்க வந்தவர். இவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு எப்போதும் போல் சொன்னார்: "எங்களோடது இல்லம்மா."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். உரியவர் இல்லை. முடிந்தது. சீமாட்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாதக் கடைசி ஞாயிறு சரக்குக் கப்பல் திரும்பும்போது அதில் ஏற்றி, அக்கரையில் ஏதோ காப்பகத்தில் விட்டுவிடுவார்களாம். "என்னோட பூனைங்க" என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இங்கே தங்க அனுமதி இவர் பெயரில்தான் இருக்கிறது, பிராணியும் அவர் பெயரில்தான் இருக்க முடியுமாம். இவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஏன்தான் இப்படிப் பண்றாரு மனுஷன்? எட்டு வருஷம் சோத்துல பங்கு தின்ன ஜீவன்!

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

கடற்காற்று வெப்பத்தைத் தணிக்கவில்லை. வெளியே இருக்கிற வெப்பத்தையும் வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் போடுகிறது. கம்பளிப் பெட்டியைத் திறந்தேன், மூடிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

வீடு நல்ல வீடுதான், குறை சொல்லக்கூடாது. இரண்டு அறை, தகரக் கூரை, முன்பக்கம் நீளமாக ஒரு வராந்தா. உப்பு ஜாடியில் உப்பு கட்டியாகி, கரண்டி நட்டு வைத்தது போல் நிற்கிறது. தீப்பெட்டி உரசினால் சத்தம் மட்டும் வருகிறது. சாயங்காலம் பிரார்த்தனையில் கண்ணை மூடியிருந்தபோது கூரைமேல் டமார் என்று ஒரு சத்தம். நான் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். அங்கே எனக்கு முன்னால் மேனேஜர் இருந்தது. பார்த்தால் தேங்காய்.

சத்தம் கேட்டு ஓடி வந்தார் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. என்னைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துவிட்டு, சிரித்து முடிக்கவே நேரமாயிற்று அவருக்கு. அப்புறம், "ஏங்க, துறைமுகத்துல பூனையைப் பார்த்து யாருன்னே தெரியாதுன்னு சொன்னவரு உங்க வீட்டுக்காரர்தானே?" என்றார்.

"அப்படிச் சொல்லல. எங்களோடது இல்லன்னு சொன்னாரு."

"நல்லவேளை, நீங்க சீட்டோட வந்தீங்க. இல்லன்னா உங்களையும் கொட்டகையில விட்டிருப்பாரு!"

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு சங்கடமாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

பறவைகளைப் பார்க்க நடந்து போனேன். கோபத்தோடுதான் போனேன். வெறும் மணலில், ஒரு சருகு கூட இல்லாமல், புள்ளி போட்ட முட்டைகள். தாய் நகரவே இல்லை. வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, முட்டைக்கு நிழலாக நிற்கிறது. ஒன்றின் காலடியில் பொரிந்து ஈரம் காயாத குஞ்சு.

ஆண்டவனே, குஞ்சும் உன்னுடையது, பூனையும் உன்னுடையது. நான் யார் பக்கம் பேச, நீயே சொல்.

டாக்டரம்மாவின் மேல் இருந்த கோபத்தை இன்றோடு கழித்துவிட்டேன். திரும்பும் வழியில் அவரிடமே நின்று கேட்டேன். வலை அடித்த இடத்தில் அடைத்து வைத்து, கருத்தடை ஆபரேஷனும் செய்துவிட்டால் அனுமதி உண்டு என்றார். "ஆனா உரியவர்னு ஒருத்தர் வரணுமேம்மா. உங்க வீட்டுக்காரர் சொன்னதை மாத்திச் சொல்வாரா?"



ஜூன் 22, ஞாயிறு

கொட்டகைக்குப் போக இன்றுதான் முடிந்தது. தகரக் கொட்டகை, உள்ளே அனல். பாவம் வெந்து போயிருக்கும் என்று அழுதுகொண்டேதான் போனேன். சீமாட்டி ஜம்மென்று நீட்டிப் படுத்திருக்கிறது! கூண்டுக்குப் பக்கத்தில் சாக்கில் சுற்றிய பெரிய ஐஸ் கட்டி.

"இது யாரு வெச்சாங்க?" என்று காவல்காரரைக் கேட்டேன்.

"ஐஸ் ஆலைக்குப் புதுசா வந்திருக்காருல்ல ஒரு சார், அவருதான். வேலை முடிஞ்சதும் ஆலையிலேர்ந்து கொண்டு வருவாரு. என் பூனை இல்ல, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு தினம் சொல்வாரு. நான் கேட்கவே இல்ல, அவரா சொல்வாரு."

கொட்டகை தீவின் தெற்குக் கோடி. ஐஸ் ஆலை வடக்கு.

வீட்டுக்கு வந்ததும், "எங்க போயிட்டு வர்ற?" என்றார். "சும்மா இந்தப் பக்கம்" என்றேன். பொய் ஒன்று. சின்னதுதான்.

ஜூன் 25, புதன்

தாங்கவில்லை, கேட்டுவிட்டேன். கேட்டேன் என்ன, கத்திவிட்டேன்.

"எங்களோடதுன்னு ஒரே ஒரு வார்த்தை. சொன்னா நாக்கு தேய்ஞ்சிடுமா? ஐஸ் தூக்கிட்டுப் போகத் தெரியுது, வாயைத் திறக்கத் தெரியல!"

ஐஸ் விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்றதும் அவர் காது சிவந்துவிட்டது. ஸ்பானரை எடுத்துத் துடைத்தார். பிறகு மெதுவாக, "முதலாளி முன்னாடி சொன்னேன்மா. வந்து இறங்கின அன்னைக்கே ஒண்ணு சொல்லிட்டு, ரெண்டாவது வாரம் மாத்திச் சொன்னா, நாளைக்கு மெஷின் ரிப்பேர்னு நான் சொன்னா யாரு நம்புவா?" என்றார்.

அதுவும் நியாயம் மாதிரித்தான் இருக்கிறது. எனக்கு அந்த நியாயம் வேண்டாம்.

கோபம்: முழுசு.

ஜூன் 28, சனி

பேச்சு இல்லை. மேனேஜர் மட்டும் இரண்டு பேரிடமும் போய்ப் போய் வருகிறது.

ஜூன் 29, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வழி அனுப்பவாவது போகலாம் என்று, வேகவைத்த மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். இவர் விடியும் முன்பே ஆலைக்குப் போய்விட்டார். சரக்குக் கப்பலில் காலிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காவல்காரர் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா பக்கத்தில் நின்றார். சீமாட்டி என்னைப் பார்த்துக் கத்திய கத்து... சரி, அதை விடு.

அப்போது தடதடவென்று ஒரு சத்தம். ரப்பர் பூட்ஸோடு, கையெல்லாம் கிரீஸோடு, இவர் ஓடி வருகிறார். கல்யாணத்துக்குப் பிறகு இவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"டாக்டரம்மா! அன்னைக்கு இந்தப் பூனை எங்களோடது இல்லன்னு எழுதினீங்கள்ல?"

"நீங்க சொன்னீங்க, எழுதினேன்."

"அது அப்படியே இருக்கட்டும். சொன்னது சொன்னதுதான்."

இதைச் சொல்லவா மனுஷா இப்படி ஓடி வந்தே!

இவர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பேசினார். "உரியவர் இல்லாத பூனை. சரிதானே? அப்ப அது வேணும்னு ஒருத்தன் வந்து கேட்டா குடுக்கலாம்ல? எனக்கு வேணும். இன்னையிலேர்ந்து அது என்னோடது. பழசை அடிக்க வேணாம், கீழ புதுசா எழுதிக்கங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "இதை எவ்வளவு நாளா சார் யோசிச்சீங்க?"

"எட்டு வருஷமா."

காவல்காரர் கூண்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் முடிந்து, வராந்தா முழுக்க வலை அடித்து, அவர் வந்து பார்த்த பிறகுதான் பூனை வீட்டுக்கு வரும். ஒரே ஒரு நாள் அது வெளியே தென்பட்டாலும் அடுத்த கப்பல். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"பூனைக்குப் பேர் இருக்கா?"

இவர் என் பக்கம் திரும்புவார் என்று பார்த்தேன். திரும்பவில்லை. "சீமாட்டி" என்றார். "ஆளைக் கடிக்காது, பிராண்டும். மீன் தலை குடுத்தா தொடாது, நடுத்துண்டு வேணும்."

சீமாட்டி அவரைப் பார்த்துச் சீறியது. அதன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இன்றைய செலவு: வெங்காயம் வாங்கினேன் என்று ஞாபகம், எவ்வளவு என்று ஞாபகம் இல்லை. போகட்டும்.

ஜூலை 5, சனி

தையல்காரம்மா பழைய மீன்வலைகளை மூன்று மடிப்பாக வைத்துத் தைத்துக் கொடுத்தார். இவர் சட்டம் அடித்தார். எலி நுழைய வழி இருக்கிறதா என்று விரலை விட்டு விட்டுப் பார்க்கிறார். "இவ்வளவு காவல் எங்க கல்யாணத்துல எனக்கே போடல" என்றார் தையல்காரம்மா. கம்பளிகளுக்கும் வழி பிறந்தது. வலையின் அடிப்பக்கம் இடைவெளி விழாமல் சுருட்டி அடைத்தாயிற்று.

ஜூலை 9, புதன்

டாக்டரம்மா வந்தார். வலையை இழுத்துப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார். சரி என்றார். சீமாட்டி வீடு வந்து சேர்ந்தது. மேனேஜர் ஒரு சுற்று முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தது.

ஜூலை 20, ஞாயிறு

மகள் விடுமுறைக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். கரையில் குஞ்சுகள் தத்தித் தத்தி ஓடுகின்றன, சாயங்காலம் போய்ப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது வாசலில் ஒரு படகுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஐஸ் பெட்டியில் ஏதோ கோளாறாம்.

"அம்மா, பூனைக்காரர் வீடு இதுதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது ஐஸ் மெக்கானிக் வீடுங்க" என்றேன்.

வலைக்குள்ளிருந்து இவர் குரல், கொஞ்சம் அவசரமாக: "ரெண்டும் இதுதான்! எந்திரிக்க முடியல, மடியில தூங்குறா. நீங்க உள்ள வாங்க. கதவை மட்டும் பார்த்து, உடனே சாத்திடுங்க."