வலையைப் பிடுங்கிய மகள்

அடியே கோவக்காரி,

"பெத்த அப்பன் வலையையே பிடுங்குவாளா ஒருத்தி!"ன்னு கத்திட்டு உன் தம்பி வீட்டுல போய் உக்காந்துட்டே. நம்ம மகளைத் திட்டாதே. மீன் முட்டையிடுற காலத்துல தீவோட பாறைப் பக்கம் யாரும் வலை போடக் கூடாதுன்னு ஊரே கூடி முடிவெடுத்து, அவளைத்தானே காவலுக்கு வெச்சோம்? "சொந்தக்காரனைப் பிடிப்பாளாக்கும்!"னு நாலு பேர் சிரிச்சாங்க. பார்த்துடலாம்னு நானே போய் வலை போட்டேன். ஊர் பார்க்க அள்ளிட்டுப் போனா பாரு, புலி! இப்ப ஒரு படகும் அந்தப் பக்கம் திரும்பலை.

நேத்து அவகிட்ட, "உன்னைச் சோதிக்கத்தாம்மா போட்டேன், நீ எப்பேர்ப்பட்ட..."ன்னு ஆரம்பிச்சேன்.

"எல்லாத் திருடனும் இதைத்தாம்ப்பா சொல்றான்"னு பாதியிலேயே எழுந்து போயிட்டா.

நீயாவது நம்புடி.

வலையில்லாத உன் புருஷன்