நீக்குப் பட்டியலில் ஸிட்லி

நாள் 212, 08:10
நிலவு, தென்முனைப் பனிச்சுரங்கம், செய்தி அறை. எழுதுபவள் செவ்வந்தி, வயது பதினாறு. இதை யார் எடுத்துப் படித்தாலும் சரி.

இன்று கேன்டீனில் முதலில் கவனித்தது: ஒருவர் தட்டோடு நின்று, "அண்ணே, அந்த சாம்பார்க்காரரை இப்படி ஸிட்லி பண்ணுங்க" என்றார். சாம்பார் வந்தது.

ஸிட்லி ஒரு செயலி. ஒரு தட்டு தட்டினால் நம் ஆட்கள் எல்லோருக்கும் செய்தி போகும். இங்கே பாதிப் பேருக்கு அதில் கணக்கே இல்லை. ஆனாலும் யாரையாவது கூப்பிடுவதென்றால் ஸிட்லிதான்.

நாள் 219, 10:40
ஸிட்லி கம்பெனியிலிருந்து உத்தரவு. அவர்கள் பெயரை வெறும் பேச்சாகப் புழங்கக் கூடாதாம். எங்கள் செய்திகள் போவது அவர்கள் தடத்தில்தான். சுரங்கத்துக் குரல்கள் எழுத்தாக மாறி இங்கே வரும். அப்படிப் புழங்கிய செய்தியை அவர்கள் வைத்த 'வடிகட்டி' என்ற நிரல் யாருக்கும் போகாமல் நீக்கிவிடும். நீக்கியவற்றைப் படித்து, நீக்கியது சரிதான் என்று 'சரி' அழுத்துவது என் வேலை.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். யாரோடும் பேசவேண்டாத வேலை. பிடித்திருக்கிறது. பனி வெட்டும் என் அக்கா மரகதம் கேலி செய்கிறாள்: "ஏண்டி, வாயைத் திறந்தா காத்து தீர்ந்துடுமா?"

நாள் 226, 16:20
சுரங்கத்துக்குள் யாரும் "காப்பாத்துங்க" என்று சொல்வதில்லை. சொன்னால் ஆபத்து வந்துவிடுமாம். "ஸிட்லி பண்ணு" என்பார்கள். அதைத்தான் அந்த வடிகட்டி நீக்குகிறது.

மேலாளர் கிளாரா மேடத்துக்கு எழுதினேன். பதில்: "லிஸ்ட்ல இருக்கறத அழுத்தும்மா. நம்ம கையில எதுவும் இல்ல."

பனி வெட்டுகிறவர்களிடமே அந்தச் சொல் வேண்டாம் என்று சொல்ல கேன்டீன் வரை போனேன். நாற்பது பேர். திரும்பி வந்துவிட்டேன்.

நாள் 231, 13:05
நீக்குப் பட்டியலில் பதினொன்று. பசி. படிக்காமல் 'சரி' அழுத்தினேன்.

13:32
சாப்பிட்டு வந்து பட்டியலைத் திறந்தேன். பதினொன்றில் ஆறு, நாலாம் சுரங்கத்திலிருந்து. அங்கே ஐந்து பேர். அக்காவும்.

"கதவு இடுக்குல கசியுது. மேல ஸிட்லி பண்ணுங்கப்பா."
"யாராவது ஸிட்லி பண்ணுங்க."
கடைசியாக, 13:02. "செவ்வந்தி, நீ பாத்துக்கிட்டுதானே இருக்க? ஸிட்லி பண்ணுடி."

ஒன்றுகூட யாருக்கும் போகவில்லை. நான்தான் அழுத்தினேன்.

13:34
அவர்கள் உடையில் 14:00 வரை காற்று இருக்கும். மீட்புக் குழுவுக்கு எழுதினேன். படித்த அடையாளம் இல்லை. எல்லோரும் கேன்டீனில். கிளாரா மேடம் எடுக்கவில்லை. எழுத்து தப்பாக விழுகிறது.

13:36
பொது ஒலிபெருக்கி இருக்கிறது. எல்லா அறையிலும் கேட்கும். அதை ஒருநாளும் தொட்டதில்லை. பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் போய்விட்டது. அக்காவின் ஒரு நிமிடம்

13:37
பொத்தானை அழுத்தினேன். உடனே விட்டுவிட்டேன். மறுபடி அழுத்தினேன். "நாலாம் சுரங்கம், காத்து கசியுது" என்றேன். கேன்டீன் பக்கம் யாரும் எழுந்து ஓடிவரும் சத்தம் இல்லை.

"காப்பாத்துங்க" என்று கத்தினேன்.