வரிசையில் கடைசி பேக்கேஜ்

நிலவு, தென்முனைக் கூடம். எழுதுவது: செண்பகவல்லி, கணினிப் பொறுப்பு.

09:10
எல்லாம் ஒழுங்கு. சூசைராயன் கல், பனி மாதிரிகள் எடுக்க வண்டியில் போயிருக்கிறான். கூடத்துக் கணினியின் லினக்ஸில், பல நிரல்களுக்கும் பொதுவான ஒரு லைப்ரரியைப் புதுப்பித்தேன். இனி அதைச் சார்ந்த பேக்கேஜ்களையெல்லாம், கதவு முதல் கேமராவரை ஓட்டும் நிரல்களை, வரிசையாக மறுபடி கட்ட வேண்டும். ரேடியோவில் சூசை: “யக்கா, ஓடிக்கிட்டு இருக்கறத நோண்டாதிய. நான் வந்தப்புறம் பாத்துக்கிடலாம்.” கல் பொறுக்குகிறவன் எனக்குப் பாடம் எடுக்கிறான்!

11:40
கணினியின் வட்டில் இடம் போதவில்லை. பழைய லைப்ரரியை அழித்தேன். கட்டி முடியும்வரை அதைத் தொடக்கூடாது என்று பயிற்சி வகுப்பில் கரடியாய்க் கத்துவதே நான்தான்.

13:05
நிரல்களைக் கட்டித் தரும் கம்பைலர் நின்றுவிட்டது. அதற்கும் அந்தப் பழையதுதான் வேண்டுமாம். பதற்றத்தில் மறுதொடக்கம் செய்தேன். வெளிக்கதவு, கேமரா எதுவும் எழவில்லை. நிறுவல் வட்டில் ஒரு பழைய கம்பைலர் கிடைத்தது. அதை வைத்து ஆதியிலிருந்து கட்டுகிறேன். கதவுக்கான பேக்கேஜ் வரிசையின் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

15:20
“யக்கா, வாசலுக்கு வந்துட்டேன். கதவு தொறக்கல. காத்து கொறஞ்சுட்டு. மேட்டு முகாமுக்குப் போயிரட்டா? இப்பப் போனா இருக்கற காத்து சரியா இருக்கும்.”
போ என்றால் ஏன் என்று கேட்பான். “சென்சார் கோளாறுதான். பத்து நிமிஷம் அங்கேயே நில்லு” என்றேன்.
“சரிக்கா. நீங்க சொன்னா சரிதான். காத்த மிச்சம் புடிக்கணும், பேச்சக் கொறச்சுக்கிடுதேன்.”
வெட்கமாக இருக்கிறது.

15:32
வரிசை நகரவில்லை. வாயால் சொல்ல வரவில்லை, எழுதிவிடுகிறேன். இங்கே எழுதுவதெல்லாம் அவன் வண்டித் திரையிலும் ஓடும், அதுதான் இந்தக் கூடத்து வழக்கம்.
சூசை, சென்சார் இல்லை. என் தப்பு. பழையதை அழித்துவிட்டேன். கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. நிற்காதே, முகாமுக்குப் போ. பதில் சொல்லாதே. எதுவும் கேட்காமல் போய்விடு.

16:30
ரேடியோவில் சத்தமில்லை. போய்விட்டான். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. நானாகக் கூப்பிட முகமில்லை.

18:50
கட்டி முடிந்தது. கேமரா எழுந்தது. கதவு திறந்தது.
வண்டி வாசலில் நிற்கிறது. நான் நிற்கச் சொன்ன இடத்திலேயே.
கத்திக் கத்திக் கூப்பிடுகிறேன். வரிசையில் இன்னும் ஒரே ஒரு பேக்கேஜ் பாக்கி. பதிவுகளை வண்டிக்கு அனுப்புவது.
அதுவும் அந்த லைப்ரரியைச் சார்ந்ததுதான், காலையில் நான் புதுப்பித்தபோதே நின்றுவிட்டது. நான் பார்க்கவே இல்லை.

18:58
முடிந்தது. ‘நிலுவையிலிருந்த பதிவுகள் அனுப்பப்பட்டன.’
வண்டித் திரை எரிகிறது. கேமராவில் அவன் முகம் தெரிகிறது. நான் எழுதியதெல்லாம் அந்த அசையாத முகத்துக்கு நேரே ஓடுகிறது. கல் பொறுக்குகிறவன் என்றதும்.
சூசை, பதில் சொல்லாதே என்று எழுதினேனே, அதை மட்டும் படிக்கா